கணக்குக்கு உப்புத்தாள் கிடையாது

அந்தக் கதவுப் பட்டறையில் பென்சிலைக் காதில் செருகிக்கொள்ளும் உரிமை ஒரே ஒருத்தருக்குத்தான் உண்டு. அளவுக்காரருக்கு. மற்றவர்கள் பென்சிலைச் சீவிக் கொடுக்கலாம், காணாமல் போனால் தேடிக் கொடுக்கலாம். பலகையில் ஒரு கோடு போட்டுவிடக் கூடாது. இது எழுதி ஒட்டிய சட்டம் இல்லை. எப்போதோ ஆளாளுக்குக் கோடு போட்டு, எந்தக் கோட்டை நம்பி வெட்டுவது என்று தெரியாமல், யார் வீட்டுக்கோ போக வேண்டிய வாசல் கதவு ஜன்னலாகிப் போனதாம். அன்றைக்கு வந்த வழக்கம்.

அவளுடைய வேலை அதற்கு நேர் எதிர். கோட்டை அழிப்பது. வெட்டிப் பூட்டி வந்த கதவில் ஒரு பென்சில் தடம்கூட மிஞ்சாமல் உப்புத்தாளால் இழுத்து இழுத்துத் தேய்ப்பாள். பதினோரு வருஷமாக இதே வேலை. அவளுக்கு உப்புத்தாள் என்றே பேர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லிப் பட்டறையில் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். கட்டை விரலில் ரேகை என்று ஒன்று மிச்சமில்லை. ஆனால் அந்த விரலால் பலகையைத் தடவி, "இந்தப் பக்கம் அரை நூல் தூக்கலா இருக்கு" என்று சொன்னால் அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. தச்சுக் கணக்கில் இஞ்சுக்கு எட்டு நூல். அதில் பாதியை விரலால் கண்டுபிடிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

போன வருஷம் இருமல் வந்தது. வந்தது போகவில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "மரத்தூசி வேலையை விட்டுடும்மா. இன்னும் ரெண்டு வருஷம் இதையே செஞ்சா நான் உனக்குச் சொல்றதுக்கு எதுவும் இருக்காது" என்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டாள். மெதுவாகச் சொன்னார். அதனால்தான் பயந்தாள்.

அதே சமயத்தில் பட்டறை அளவுக்காரருக்குக் கண் மங்கி, அடுத்த மாதக் கடைசியோடு நிற்கப் போவதாகச் சொல்லிவிட்டார். அளவு அறை தனி அறை. கண்ணாடிக் கதவு. தூசி எட்டிப் பார்க்காது. முதலாளியிடம் போய் நின்றாள்.

"உன் கையைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றார் முதலாளி. "ஆனா கட்டட ஆளுங்க காகிதம் கேக்கறாங்கம்மா. பயிற்சி மையத்துப் பரீட்சையில பாஸ் பண்ணிட்டு வா, பென்சில் உனக்கு. இல்லேன்னா வெளியாள்தான்."

அந்தப் பரீட்சையை மூன்று தடவைதான் எழுத விடுவார்கள். அவள் ஏற்கெனவே இரண்டு தடவை எழுதியிருந்தாள். இரண்டு தடவையும் பின்னக் கணக்கில் கவிழ்ந்தாள்.

வீட்டில் மூன்று பேர். சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறை. புருஷன் பஸ் டிரைவர். அவருடைய தங்கை, அதாவது இவளுடைய நாத்தனார், தொடக்கப் பள்ளி டீச்சர். வீட்டிலேயே டீச்சர் இருக்க இவள் கணக்கில் தோற்றதுதான் தெருவுக்கே வேடிக்கை. "விளக்கைக் கையில வெச்சிக்கிட்டு நெருப்புக்கு அலையறா" என்று கீழே சலவைக்காரி சொன்னது மாடிக்கே கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. கீழேயிருந்து சோப்பு வாசனையும் நீராவியும் படியேறி வந்தன. டீச்சர் மேஜையில் நோட்டை விரித்து வைத்திருந்தாள். டிரைவர் ஜன்னலோரம் உட்கார்ந்து முட்டைக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம்.

"அண்ணி, மொத தடவை என்ன எழுதினீங்க? அரையும் மூணுல ஒரு பங்கும் கூட்டினா எவ்வளவுன்னு கேட்டதுக்கு?"

"ஆறே முக்கால் நூல், கொஞ்சம் கம்மின்னு எழுதினேன்."

டிரைவர் சிரித்துவிட்டார். வெங்காயக் கண்ணீரோடு சிரித்ததால் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் இவள். "அரை இஞ்ச் நாலு நூல். மூணுல ஒண்ணு ரெண்டே முக்கால் நூல், கொஞ்சம் கம்மி. கூட்டினா அதானே வரும்?"

"பரீட்சையில யாரு அண்ணி நூல் கேட்டாங்க? சரி, ரெண்டாவது தடவை அதே கேள்விக்கு? நான் அவ்வளவு சொல்லிக் கொடுத்து அனுப்பினேனே."

"அஞ்சுல ரெண்டு."

டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மேல இருக்கறதை மேலயும் கீழ இருக்கறதைக் கீழயும் கூட்டிட்டீங்க! குறுக்கே பெருக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"எழுதும்போதே தப்புன்னு தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா எழுதினீங்க?"

"கையில ஏற்கெனவே பாதி இருக்கு. அதோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா பாதியைவிடக் கூடத்தானே வரணும்? அஞ்சுல ரெண்டுங்கறது பாதிகூட இல்லையே. என் கை தப்புன்னுதான் சொல்லுச்சு. ஆனா நீ டீச்சர். உன் ரூல் சரியாத்தான் இருக்கும்னு எழுதிட்டு வந்தேன்."

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தாள். பதினோரு வருஷம் ஒருத்தி கதவு தேய்த்தாள் என்றால் இன்னொருத்தி அதே பதினோரு வருஷம் குறுக்குப் பெருக்கலைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள். அவள் வகுப்பிலும் கடைசி பெஞ்சில் ஐந்து பேர் உண்டு. அவர்களும் அஞ்சுல ரெண்டு என்றுதான் எழுதுவார்கள். மண்டையில் களிமண் என்று நினைத்து அவர்களை விட்டுவிட்டாள். இப்போது அண்ணியையும் அப்படி நினைக்க முடியவில்லை. அரை நூலை விரலால் கண்டுபிடிக்கிறவள் மண்டையில் களிமண் எப்படி இருக்கும்?

"உங்களுக்குக் காதால கேட்டா ஏறாது. கையால தொட்டாத்தான் ஏறும்" என்றாள் கடைசியில். "மரத்துல ஏதாவது செய்யலாமா அண்ணி? ஒரே நீளத்துல அஞ்சாறு பட்டை. ஒண்ணை முழுசா வெச்சிக்கணும். ஒண்ணை ரெண்டாக்கணும், ஒண்ணை மூணாக்கணும், நாலு, ஆறு, எட்டு..."

"ஒரு அடிப் பட்டை எடுத்துக்கலாம்" என்றாள் இவள் உடனே. "பன்னெண்டு இஞ்ச். எல்லாத்துக்கும் ஒழுங்கா வகுபடும்."

டிரைவருக்கு வீரம் வந்துவிட்டது. "வெட்டறதை எங்கிட்ட விடு" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து துருப்பிடித்த ரம்பத்தையும் பழைய மரப்பட்டைகளையும் இழுத்தார். ஒரு மணி நேரம் வீடு அதிர்ந்தது. கீழேயிருந்து சலவைக்காரி, "மேல என்ன, வீட்டையே அறுக்கறீங்களா?" என்று கத்தினாள். வெட்டி முடித்தவர் துண்டுகளை மேஜையில் கொட்டிவிட்டு, டெப்போவில் பரிசு வாங்கியவர் மாதிரி நின்றார்.

இவள் எட்டில் ஒரு பங்குத் துண்டுகள் எட்டையும் முழுப் பட்டைக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தாள். விரலால் நெருக்கிச் சேர்த்தாள். கிட்டத்தட்ட முக்கால் இஞ்ச் குறைந்தது.

"பாத்தியா?" என்றாள். "எட்டும் சேர்ந்தா ஒண்ணுன்னு உன் புத்தகம் சொல்லுது. இங்க சேரலையே. உன் கணக்கே பொய்."

டீச்சர் திரும்பத் திரும்ப அடுக்கிப் பார்த்தாள். எட்டுத்தான் இருந்தன. சேரவில்லை.

"மரம் வத்திருக்கும்" என்றார் டிரைவர்.

"இப்ப வெட்டினது இப்பவே வத்துமா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

சொல்லிக்கொண்டே குனிந்த இவள் அப்படியே நின்றாள். ஜன்னலடியில் தரையெல்லாம் மரத்தூள். இரண்டு கையாலும் கூட்டி அள்ளினாள். இருமல் வந்தது. அடக்கிக்கொண்டு உள்ளங்கையை மேஜைமேல் நீட்டினாள்.

"காணாமப் போன முக்கால் இஞ்ச் இந்தா இருக்கு. ஏழு வெட்டு வெட்டினீங்கல்ல? ஏழு தடவையும் ரம்பம் தின்னிருக்கு. எல்லாக் கோட்டையும் மொதல்லயே போட்டுட்டுக் கோட்டு மேலயே அறுத்தா இப்படித்தான். ரம்பத்துக்கும் தீனி விடணும்."

டீச்சர் அந்தத் தூளையும் துண்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு அடங்கவே இல்லை. "அப்ப கணக்கு பொய் இல்லையே அண்ணி. தூளையும் சேர்த்துக்கிட்டா எட்டும் ஒண்ணுதானே?"

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றாள் இவள், ஒரு நிமிஷத்துக்கு முன்னால் கணக்கே பொய் என்றதை மறந்துவிட்டு.

மறுநாள் பட்டறையில் கழிவுப் பட்டைகளைப் பொறுக்கினாள். கடைசல்காரர் அவளுக்கு அண்ணன் முறை மாதிரி. வாய் கொஞ்சம் நீளம். "என்ன தங்கச்சி, பொம்மை வீடு கட்டப் போறியா?" என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொரு துண்டையும் அளவுக்கு ஒரு மயிரிழை கூடவே வைத்து அறுத்துக் கொடுத்தார். மிச்சத்தை அவள் பார்த்துக்கொண்டாள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டே, துண்டு துண்டாகத் தேய்த்தாள். நான்கு நாள் ஆனது. எட்டுத் துண்டும் சேர்ந்தால் முழுப் பட்டையோடு ஒட்டி நிற்கும். நகம் நுழைய இடமில்லை. வேறு யார் செய்திருந்தாலும் அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. மிச்சம் கிடந்த வர்ணத்தை எடுத்து அரைக்கு நீலம், மூன்றில் ஒன்றுக்குப் பச்சை, காலுக்கு மஞ்சள், ஆறில் ஒன்றுக்கு வெள்ளை, எட்டில் ஒன்றுக்குச் சிவப்பு என்று பூசினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் ஒரு நீலத்தையும் ஒரு பச்சையையும் நுனிக்கு நுனி சேர்த்து வைத்தாள். "அரையும் மூணுல ஒண்ணும். எவ்வளவு?"

இவள் வெள்ளைத் துண்டுகளை எடுத்து மேலே அடுக்கினாள். நீலத்தின்மேல் மூன்று, பச்சையின்மேல் இரண்டு. "அஞ்சு வெள்ளை. முழுசுக்கு ஆறு வெள்ளை. ஆறுல அஞ்சு."

"அண்ணி!"

"என்ன, தப்பா?"

"தப்பா? சரி!" டீச்சர் நோட்டில் என்னவோ கிறுக்கினாள். முகம் மாறியது. "ஆறுல அஞ்சை நூலாக்கினா என்ன வருது தெரியுமா? ஆறே முக்கால் நூல், கொஞ்சம் கம்மி. மொத தடவையே நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க. அந்தக் 'கொஞ்சம் கம்மி'தான் கெடுத்துச்சு."

"பட்டறையில கொஞ்சம் கூட, கொஞ்சம் கம்மின்னா நான் ரெண்டு இழுப்பு இழுத்துச் சரிபண்ணிருவேன்."

"கணக்குக்கு உப்புத்தாள் கிடையாதே அண்ணி. அங்க ஒட்ட ஒட்ட நிக்கணும்."

"ஒட்ட நிக்கறதுன்னா அதை நீ எனக்குச் சொல்லணுமா?" என்றாள் இவள். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குப் பரீட்சை மேலிருந்த பயத்தில் பாதி போய்விட்டது.

டீச்சர் விடவில்லை. பச்சைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பை வைத்தாள். மூன்றில் ஒன்றும் எட்டில் ஒன்றும். இவள் வெள்ளையால் மூடினாள், ஒட்டவில்லை. மஞ்சளால் மூடினாள், துருத்திக்கொண்டு நின்றது. சிவப்பால் மூடினாள், பச்சையின் முனை எட்டிப் பார்த்தது. டிரைவர் டீயைக் கொண்டுவந்து வைத்தார். ஆறிப்போய் ஆடை படர்ந்தது.

"பச்சையையும் மீதியில்லாம மூடணும், சிவப்பையும் மீதியில்லாம மூடணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "ரெண்டுக்கும் பொதுவா ஒரு குட்டித் துண்டு வேணும். பச்சை நாலு இஞ்ச். சிவப்பு ஒண்ணரை. ஒரு இஞ்ச் வெச்சா பச்சைக்கு ஒட்டும், சிவப்புக்கு ஒட்டாது. அப்ப... அரை இஞ்ச்!"

பழைய துண்டு ஒன்றை அரை இஞ்சாக அறுத்து நான்கு இழுப்பு இழுத்தாள். அதை வைத்து நகர்த்தி நகர்த்தி எண்ணினாள். பச்சைக்கு எட்டு. சிவப்புக்கு மூன்று. "பதினொண்ணு. முழுசுக்கு..." எண்ணினாள். "இருபத்துநாலு. இருபத்துநாலுல பதினொண்ணு!"

டீச்சர் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். "இதுதான் அண்ணி மீச்சிறு பொது மடங்கு. இத்தனை வருஷமா பசங்க மண்டையில அடிச்சு அடிச்சுச் சொல்றேன். அது ஒரு குட்டித் துண்டுக்கு வழி தேடறதுன்னு எனக்கே இப்பத்தான் கண்ணுல படுது."

"அவ்வளவு பெரிய பேரை வெச்சா பசங்க பயப்படாம என்ன பண்ணும்?" என்றார் டிரைவர்.

மறுநாள் டீச்சர் துண்டுகளைப் போட்டு வைத்திருந்த பெட்டியைப் பள்ளிக்கூடத்துக்கு இரவல் கேட்டாள். கொடுக்க இவளுக்கு மனசே இல்லை. ஒரே ஒரு நாள் என்று கொடுத்தாள். சாயங்காலம் இவள் பட்டறையிலிருந்து திரும்பிய சூட்டோடு டீச்சர் மாடிப்படியில் ஓடி வந்தாள். கடைசி பெஞ்சில் ஒரு பெண், நாலு மாதமாக வாயே திறக்காதவள், எழுந்து நின்று சண்டை போட்டாளாம். "டீச்சர், இவன் வெள்ளையைக் கொடுத்துட்டு மஞ்சள்னு ஏமாத்தறான்! ஆறுல ஒண்ணு காலைவிடச் சின்னது டீச்சர்!" இதைச் சொல்லும்போது டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணியின் தூசி படிந்த கையைப் பிடித்துக்கொண்டாள். இவள் கூச்சத்தில், "விடு, வர்ணம் உதிர்ந்திருக்கான்னு பாக்கணும்" என்று பெட்டியைத் திறந்தாள்.

பரீட்சை அன்று பயிற்சி மையத்து வாசலில் காவலாளி மறித்தார்.

"பொட்டியில என்ன?"

"கணக்குத் துண்டு."

"கட்டையெல்லாம் உள்ள விடமாட்டாங்கம்மா. இங்க வெச்சிட்டுப் போ. பத்திரமாப் பாத்துக்கறேன்."

வெறுங்கையோடு போய் உட்கார்ந்தாள். எதிர்பார்த்ததுதான். முதல் கேள்வி, இரண்டாவது, மூன்றாவது. மேஜைமேல் விரல் தானாக நகர்ந்தது. நீலம் இங்கே, பச்சை இங்கே, வெள்ளை மேலே. மேற்பார்வைக்காரர் ஒரு தடவை வந்து நின்று, மேஜையில் ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டுப் போனார். எல்லாம் ஒட்டியது.

கடைசிக் கேள்வியில் சறுக்கியது. ஒரு தோட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்கு பூச்செடி, நான்கில் ஒரு பங்கு காய்கறி. மீதி எவ்வளவு?

ஐந்தில் ஒரு பங்குக்கு அவள் பெட்டியில் துண்டே கிடையாது. பன்னிரண்டு இஞ்சை ஐந்தாக்கிப் பார்த்தாள். இரண்டு இஞ்ச் மூன்று நூல், கொஞ்சம் கூட. அந்தக் 'கொஞ்சம்' மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டது. முதல் தடவை அவளைக் கவிழ்த்த அதே எழவு. இந்தக் கேள்விக்குத்தான் அதிக மதிப்பெண். இருமல் வந்தது. முன் வரிசையில் ஒருவன் திரும்பிப் பார்த்தான். டாக்டர் மெதுவாகப் பேசியது ஞாபகம் வந்தது. மேஜையை வெறித்துப் பார்த்தாள். பட்டறையில் இப்படி ஒரு பலகை வந்து மாட்டினால் என்ன செய்வோம்? கையில் இருக்கும் பலகை பத்தவில்லை என்றால் அழுதுகொண்டா நிற்போம்?

வேற பலகை எடுப்போம்.

ஒரு அடி என்று யார் சொன்னது? தானே எடுத்துக்கொண்டதுதானே. மனசுக்குள் பத்து இஞ்ச் பலகையை எடுத்தாள். ஐந்துக்கு ஒட்டியது, நான்குக்கு ஒட்டவில்லை. பதினைந்து. அதுவும் இல்லை. இருபது. ஐந்தில் ஒன்று நாலு இஞ்ச். நான்கில் ஒன்று அஞ்சு இஞ்ச். நூல் இல்லை, கொஞ்சம் கூட இல்லை, கொஞ்சம் கம்மி இல்லை. பூச்செடி எட்டு, காய்கறி அஞ்சு, ஆக பதிமூணு. மீதி ஏழு. இருபதில் ஏழு என்று எழுதினாள். எழுதிவிட்டுக் கட்டை விரலால் அந்த எண்ணை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். ஒட்ட நின்றது.

வெளியே வந்தால் காவலாளி மேஜை முழுக்கத் துண்டுகளைப் பரப்பி வைத்திருந்தார். "பத்திரமா இருக்கும்மா. மூணு பச்சையும் ரெண்டு நீலமும் ஒரே நீளம், பாத்தியா? ஆனா இதுல அஞ்சா வெட்டினது மட்டும் இல்லையே. மறந்துட்டியா?"

அவள் சிரித்த சிரிப்பில் வாசலில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "அது வேற பலகைங்க" என்றாள். "இருபது இஞ்ச்."

பத்து நாள் கழித்து, பட்டறையில் எல்லா இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தபோது, வெளியே பஸ் ஹாரன் கேட்டது. ஒரு தடவை இல்லை, விடாமல் கேட்டது. பட்டறை வாசலில் பஸ் நிறுத்தமே கிடையாது. எட்டிப் பார்த்தால் நிறையப் பயணிகளோடு பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவர் ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார். படிக்கட்டில் டீச்சர், கையில் கிழிந்த காகிதம்.

"பாஸ்!" என்று கத்தினாள் டீச்சர். "அண்ணி, பின்னத்துல முழு மார்க்! முழுசு! கொஞ்சம்கூடக் கம்மியில்ல!"

"வண்டியை எடுய்யா!" என்றார் ஒரு பயணி. "இருங்க சார், அந்தம்மா யாருன்னு பாக்கலாம்" என்றார் இன்னொருவர். முகமெல்லாம் மரத்தூசியோடு அவள் வாசலில் வந்து நின்றபோது பஸ்ஸே கை தட்டியது. எதற்கென்று பாதிப் பேருக்குத் தெரியாது. அவளுக்கு அழுகை வந்தது. தாராளமாக அழுதாள். தூசியில் இரண்டு கோடு இறங்கியது.

மாதம் பிறந்த அன்று பழைய அளவுக்காரர் காதிலிருந்த பென்சிலை எடுத்து, தன் சட்டையில் துடைத்து, அவள் கையில் கொடுத்தார். முதலாளியும் கடைசல்காரரும் சுற்றி நின்றார்கள். அவளிடத்துக்கு வந்திருந்த புதுப்பெண் மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். அந்தத் துணியை இவள்தான் கட்டிவிட்டிருந்தாள், இரண்டு மடிப்பாக. தேய்க்கிற இடத்தில் தூசி உறிஞ்சும் விசிறி வைத்தால்தான் பென்சிலைத் தொடுவேன் என்று முதலாளியிடம் சொல்லி, அதையும் மாட்ட வைத்திருந்தாள்.

முதல் பலகை மேஜைக்கு வந்தது. அளந்தாள். ஒரு கோடு போட்டாள். அதையொட்டி இன்னொரு கோடு போட்டாள்.

"எதுக்கும்மா ரெண்டு கோடு?" என்றார் முதலாளி. "இத்தனை வருஷமா ஒரு கோடுதானே?"

"ஒண்ணு கணக்குக்கு. இன்னொண்ணு ரம்பத்துக்குத் தீனி. நடுவுல அறுத்தா அளவு தப்பாது."

"அடி உப்புத்தாளே!" என்றார் கடைசல்காரர்.

புதுப்பெண் ஆர்வக்கோளாறில் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு பலகையிடம் வந்துவிட்டாள். பென்சில் தடத்தைக் கண்டால் அழிக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

"இரும்மா" என்றாள் அளவுக்காரி. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். "வெட்டினப்புறம் அழி. இது என் கோடு."